ஜாக்கல் நாவல்: வாசகர்கள் சொல்லும் குறைகளில் எது நிற்கும், எது நிற்காது

அரசியல் சதி நாவல் என்று பேச்செடுத்தால், இங்கே சிங்கப்பூரில் தமிழ் வாசகர்கள் கூடும் இடங்களில் பெரும்பாலும் முதலில் வந்து விழும் பெயர் ஃபிரெடரிக் ஃபோர்சைத்தின் 'தி டே ஆஃப் த ஜாக்கல்'. 1971இல் வந்த புத்தகம். படித்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கட்சி தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும். இன்னொரு கட்சி, "முடிவு தெரிஞ்ச கதைக்கு எதுக்குங்க இத்தனை பக்கம்?" என்று கேட்கும். அந்த இரண்டாம் கட்சிக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் குறைகளை எடுத்து, எது நிற்கிறது, எது நிற்கவில்லை என்று பார்ப்பதுதான் இந்தப் பதிவு. முடிவு உட்பட எல்லாவற்றையும் உடைத்துத்தான் எழுதியிருக்கிறேன். இன்னும் படிக்காதவர்கள் படித்துவிட்டு வருவது நல்லது.

கதை இதுதான். அல்ஜீரியாவுக்கு விடுதலை கொடுத்ததற்காக பிரெஞ்சு அதிபர் டி கோலைக் கொல்லத் துடிக்கிறது ஓஏஎஸ் என்ற ரகசிய ராணுவ அமைப்பு. 1962 ஆகஸ்ட் 22 அன்று பாரிஸ் அருகே பெத்தி-கிளாமாரில் அவருடைய சிட்ரோயென் காரைச் சுட்டுத் துளைத்தும் அவர் தப்பிவிட்டார். திட்டம் போட்ட விமானப்படை லெப்டினன்ட் கர்னல் பஸ்தியான்-திரி 1963 மார்ச் 11 அன்று சுட்டுக்கொல்லப்பட்டார். இதுவரை வரலாறு. இதற்குப் பிறகு கற்பனை: அமைப்புக்குள் உளவாளிகள் புகுந்துவிட்டதால் உள்ளாட்களை வைத்து எதுவும் செய்ய முடியாது என்று முடிவெடுக்கும் ரோதான் என்ற தலைவர், எந்த பிரெஞ்சுக் கோப்பிலும் பெயர் இல்லாத ஒரு வெளிநாட்டுக் கூலிக் கொலைகாரனை அமர்த்துகிறார். கூலி 5,00,000 டாலர், பாதி முன்பணம். அவன் வைத்துக்கொள்ளும் பெயர்தான் ஜாக்கல். அவனைப் பிடிக்க நியமிக்கப்படுபவர் லெபெல் என்ற நடுத்தர வயது போலீஸ் அதிகாரி.

முதல் குறை: முடிவு தெரியும். ஆமாம், தெரியும். டி கோல் 1970 நவம்பர் 9 அன்று தன் வீட்டில் இயற்கையாக இறந்தார். புத்தகம் அடுத்த ஆண்டு வந்தது. கையெழுத்துப் பிரதியைத் திருப்பியனுப்பிய பதிப்பாளர்களின் கவலையும் இதுதான். ஆனால் ஃபோர்சைத் பந்தயம் கட்டியது வேறொன்றின் மீது. அதிபர் சாவாரா மாட்டாரா என்பது அவருடைய கேள்வியே கிடையாது. இவ்வளவு சுத்தமான திட்டம் எந்த இடத்தில் இடறும் என்பதுதான் கேள்வி. அதற்காகத் திட்டத்தின் ஒவ்வொரு படியையும் வாசகர் சரிபார்க்கும்படி பிரித்து வைக்கிறார். பிறகு, ஏறிப்போன அதே படிகளில் போலீசையும் ஏறவிடுகிறார்.

கடப்பிதழ் (பாஸ்போர்ட்) விஷயத்தைப் பாருங்கள். புத்தகத்தின் ஆகச்சிறந்த பகுதி இதுதான். ஜாக்கல் இங்கிலாந்தின் கிராமத்துத் தேவாலயங்களுக்குப் போய்க் கல்லறைகளைப் படிக்கிறான். தேடுவது ஒன்றே ஒன்று: தான் பிறந்த காலத்தை ஒட்டிப் பிறந்து, குழந்தையிலேயே இறந்த ஓர் ஆண். டக்கன் என்ற பெயர் கிடைக்கிறது. லண்டன் பதிவகத்தில் அந்தக் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு நகல் வாங்குகிறான். சான்றிதழோடு தன் படத்தையும் சேர்த்து விண்ணப்பிக்கிறான். கடப்பிதழ் வந்துவிடுகிறது. போலிக் கடப்பிதழ் கிடையாது, அரசாங்கமே அச்சடித்துக் கொடுத்த அசல். அதில் இருக்கும் ஆள் மட்டும் பொய்.

இது எப்படி முடிந்தது? பிறப்புப் பதிவேடு ஒரு பக்கம், இறப்புப் பதிவேடு இன்னொரு பக்கம். இரண்டையும் ஒருசேர வைத்துப் பார்க்க வேண்டிய வேலை எந்த அதிகாரிக்கும் இல்லை. அந்த இடைவெளிக்குள் ஓர் ஆள் முழுசாக நுழைந்துவிடலாம். இளம் வாசகர்கள் இந்த இடத்தில்தான் "சும்மா கதை விடுறாரு" என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இங்கே சிங்கப்பூரில் பிறப்புச் சான்றிதழிலேயே ஐசி (அடையாள அட்டை) எண் இருக்கிறது. அந்த எண் கடைசிவரை ஆளோடு வருகிறது, ஆள் போனால் இறப்பும் அதே எண்ணில் ஏறுகிறது. 2022 மே 29 முதல் இரண்டு சான்றிதழும் மின்வடிவத்தில்தான். உட்லண்ட்ஸ் எல்லைச் சாவடியில் கடப்பிதழை எடுக்காமல் கியூஆர் குறியீட்டைக் காட்டிவிட்டு மலேசியாவின் ஜோகூர் போய்வரும் தலைமுறைக்கு, பேரேட்டைக் கையால் புரட்டிய காலத்தை யாராவது விளக்கித்தான் ஆக வேண்டும்.

அது வெறும் கதையும் கிடையாது. 1974இல் ஜான் ஸ்டோன்ஹவுஸ் என்ற பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர், மயாமி கடற்கரையில் துணிகளை வைத்துவிட்டுக் கடலில் மூழ்கியதுபோல் நடித்து மறைந்தார். அவர் பயன்படுத்தியது இறந்துபோன இருவரின் அடையாளங்களை. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவில் பிடிபட்டார். இன்னும் கசப்பான செய்தி ஒன்று உண்டு. லண்டன் போலீசின் ரகசியப் பிரிவு ஒன்று, போராட்டக் குழுக்களுக்குள் தன் ஆட்களை அனுப்ப இறந்த குழந்தைகளின் பெயர்களைப் பல ஆண்டுகள் எடுத்துப் பயன்படுத்தியது 2013இல் வெளியே வந்தது. அந்த வேலைக்கு அவர்களே வைத்திருந்த செல்லப் பெயர் 'ஜாக்கல் ரன்'. கொலைகாரனின் உத்தியைப் போலீஸ் எடுத்துக்கொண்டது. நாவலாசிரியர்கூட இவ்வளவு தூரம் யோசிக்கவில்லை.

சரி, டக்கன் எப்படி மாட்டுகிறான்? லண்டன் போலீசார் அண்மையில் வந்த கடப்பிதழ் விண்ணப்பங்களை மொத்தமாக இறக்கி, ஒவ்வொரு பெயரையும் இறப்புப் பதிவோடு ஒப்பிடுகிறார்கள். தனித்தனியாகக் கிடந்த இரண்டு பேரேடுகளையும் மனிதக் கைகள் ராத்திரியோடு ராத்திரியாகச் சேர்த்து வைக்கின்றன. துப்பாக்கிச் சத்தமோ கார் துரத்தலோ இல்லை, எழுத்தர்கள் தாள் புரட்டுகிறார்கள், அவ்வளவுதான். ஆனாலும் எம்ஆர்டி ரயிலில் படித்தால் இறங்க வேண்டிய நிலையத்தைத் தவறவிட வைக்கிற பக்கங்கள் அவை. முடிவு தெரிந்ததால் விறுவிறுப்பு இல்லை என்ற குறை இங்கே விழுந்துவிடுகிறது.

இரண்டாவது குறை: முதல் பாதி இழுவை, விவரம் அளவுக்கு மீறிப் போகிறது. இதில் பாதிக்கு உடன்படுகிறேன். துப்பாக்கி செய்யச் சொல்லும் பகுதியை நீளம் என்று தள்ளுகிறவர்கள் அவசரப்படுகிறார்கள். பிரஸல்ஸில் இருக்கும் கைவினைஞரிடம் ஜாக்கல் தன் தேவையைச் சொல்கிறான்: எடை குறைவாக இருக்க வேண்டும், சத்தம் வரக்கூடாது, குழாய் குழாயாகக் கழற்ற முடிய வேண்டும், கழற்றிய பிறகு துப்பாக்கி என்று யாருக்கும் தோன்றக்கூடாது. எதற்குள் ஒளிக்கப் போகிறான் என்பதை ஆசிரியர் அப்போது வாசகருக்கு விளக்குவதில்லை. பல அத்தியாயம் தள்ளி, ஒற்றைக்கால் கிழவர் ஒருவர், மார்பில் போர்ப் பதக்கங்களோடு, ஊன்றுகோலைக் குத்திக்கொண்டு போலீஸ் தடுப்பைத் தாண்டிப் போகிறார். தடுப்பில் நிற்கும் இளைஞன் இரக்கப்பட்டு வழிவிடுகிறான். வாசகருக்கு மட்டும் வயிற்றைக் கலக்குகிறது, ஏனென்றால் அந்தக் குழாய்களின் அளவு அவருக்குத் தெரியும். பிரஸல்ஸ் பகுதியைத் தாண்டிப் போனவருக்கு அங்கே ஒரு கிழவர் மட்டும்தான் தெரிவார்.

வெட்டலாம் என்று சொன்னால் அமைச்சில் நடக்கும் முதல் பெரிய கூட்டத்தைத்தான் சொல்வேன். யார் எங்கே உட்கார்ந்தார், அவர் பதவி என்ன, அவருக்குக் கீழே எந்தப் பிரிவு என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. பலர் புத்தகத்தை மூடிவைப்பது இங்கேதான். எழுத்துச் சுருக்கங்கள் ஒன்றோடொன்று குழம்பும். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்: எஸ்டிஇசிஇ வெளிநாட்டு உளவு, அதன் அடிதடிப் பிரிவு ஆக்‌ஷன் சர்வீஸ். டிஎஸ்டி உள்நாட்டில் வெளிநாட்டு உளவாளிகளைப் பிடிப்பது. ஆர்ஜி என்பது தகவல் கிடங்கு, ஹோட்டல் பதிவு அட்டைகள் போய்ச் சேரும் இடம். பிஜே குற்றப் புலனாய்வு, லெபெல் அங்கே. சிஆர்எஸ் கலவரத் தடுப்பு, சாலைத் தடுப்புகளில் நிற்பவர்கள். இதைத் தாளில் எழுதிப் புத்தக அட்டைக்குள் செருகிவிட்டால் மிச்சப் பக்கங்கள் ஓடும்.

அந்த ஹோட்டல் அட்டை முக்கியம். பிரான்சில் தங்கும் ஒவ்வொருவரும் அட்டை நிரப்ப வேண்டும், போலீஸ் அதைச் சேகரிக்கும், அட்டைகள் ஓரிடத்துக்குப் போய்க் கையால் பிரிக்கப்படும். அதாவது ஜாக்கல் எங்கே படுத்தான் என்பது அரசாங்கத்துக்கு எப்போதும் தெரியும், ஆனால் சில மணி நேரம் தாமதமாக. அவன் அந்தத் தாமதத்துக்குள் வாழ்கிறான். டக்கன் பெயர் வெளிப்பட்டதும் டேனிஷ் பாதிரியாராகிறான், அதுவும் போனதும் அமெரிக்க மாணவனாகிறான். இரண்டுமே லண்டனில் சுற்றுப்பயணிகளிடம் முன்கூட்டியே திருடி வைத்த கடப்பிதழ்கள். கிழவர் வேடத்துக்கு மட்டும் பெல்ஜியத்தில் செய்துவாங்கிய போலிப் பத்திரம். வேகமாக ஓடுவதால் அவன் தப்பவில்லை. அட்டை பாரிஸ் போய்ச் சேரும் நேரத்தைக் கணக்குப் போட்டுத் தப்புகிறான்.

இவ்வளவு நுணுக்கமான புத்தகத்தில் ஓட்டை உண்டா என்றால், உண்டு. அதுவும் முதல் அத்தியாயத்திலேயே. பெத்தி-கிளாமார் தாக்குதல் ஏன் தோற்றது என்று சொல்லும் இடத்தில் ஆசிரியர் ஒரு காரணம் தருகிறார். பஸ்தியான்-திரி நாட்காட்டியைப் பார்த்து, ஆகஸ்ட் 22 அன்று இருட்டும் நேரம் 8.35 என்று குறித்துக்கொண்டார். ஆனால் அவர் பார்த்தது 1961ஆம் ஆண்டு நாட்காட்டி. 1962இல் அதே தேதியில் 8.10க்கே இருட்டிவிட்டது. கார் வந்தபோது சைகை காட்டியது சுடுபவர்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. அந்த 25 நிமிடம் பிரான்சின் வரலாற்றை மாற்றியது என்கிறது நாவல்.

படிக்கும்போது புல்லரிக்கும். கொஞ்சம் நிறுத்தி யோசித்தால் நிற்காது. ஒரே ஊரில் ஒரே தேதியில் சூரியன் மறையும் நேரம் ஓராண்டுக்கும் அடுத்த ஆண்டுக்கும் இடையே ஒரு நிமிடத்துக்கு மேல் மாறாது. கடிகாரத்தை முன்னே பின்னே தள்ளும் கோடைக்கால நேரமும் பிரான்சில் அந்த ஆண்டுகளில் கிடையாது, 1976இல்தான் திரும்ப வந்தது. பழைய நாட்காட்டியைப் பார்த்ததால் 25 நிமிடம் பிசகுவது நடக்காத காரியம். வேறு மாதத்தின் பக்கத்தைப் பார்த்தார் என்று எழுதியிருந்தால் ஒப்புக்கொள்ளலாம். தகவல் துல்லியத்துக்கு உதாரணமாகக் காட்டப்படும் புத்தகத்தில் முதல் தகவலே வானியலோடு மோதுகிறது, ஆனாலும் இதைச் சொல்பவர்கள் குறைவு. நம்மூரில் குறைவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. சிங்கப்பூரில் வருடம் முழுக்க ஏழு மணியை ஒட்டியே பொழுது சாய்கிறது. சூரியன் மறையும் நேரத்தை நாட்காட்டியில் தேடவேண்டிய அவசியம் நமக்கு நோன்பு திறக்கும் மாதத்தைத் தவிர வருவதில்லை. "ஐரோப்பாவில் அப்படித்தான் இருக்கும்போல" என்று கடந்துவிடுகிறோம்.

மூன்றாவது குறை: சதிகாரர்கள் இவ்வளவு கெட்டிக்காரர்களா? நிஜத்தில் இல்லை. பெத்தி-கிளாமாரிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள் பறந்தன, காரில் இருந்த நால்வரில் ஒருவர் மேலும் படவில்லை. டயர் கிழிந்த நிலையிலும் ஓட்டுநர் காரை நிறுத்தாமல் கொண்டுபோய்விட்டார். நம்மூர்ச் சான்றும் உண்டு. 1965 மார்ச் 10 அன்று ஆர்ச்சர்ட் சாலையில் மெக்டொனால்டு ஹவுஸ் கட்டடத்தில் குண்டு வெடித்தது. இந்தோனேசியாவுடனான மோதல் காலம் அது. 3 பேர் இறந்தார்கள், 33 பேர் காயமடைந்தார்கள். குண்டு வைத்த இரண்டு கடற்படை வீரர்களும் படகில் தப்பப் பார்த்தார்கள். நடுக்கடலில் படகு இயந்திரம் நின்றுவிட்டது. மார்ச் 13 அன்று பிடிபட்டார்கள், 1968இல் தூக்கிலிடப்பட்டார்கள். நிஜச் சதிகள் பெரும்பாலும் இப்படித்தான் படகு இயந்திரத்திலோ டயரிலோ குறிதவறிய சுடுதலிலோ போய்முடிகின்றன. ஃபோர்சைத்துக்கும் இது தெரியும். அதனால்தான் முதலில் அமெச்சூர்களின் தோல்வியை எழுதிவிட்டு, இப்படிச் சொதப்பாத ஒருவன் வந்தால் என்ன ஆகும் என்று ஆரம்பிக்கிறார். குறை நியாயமானது, ஆனால் நாவல் அதை முன்கூட்டியே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டுவிட்டது.

நான்காவது குறை, பாத்திரங்கள் மரக்கட்டைகள் என்பது. ஜாக்கலைப் பற்றிச் சொன்னால் சரிதான். அவனுக்கு ஊரில்லை, உறவில்லை, கடைசிவரை உண்மைப் பெயரும் இல்லை. அவன் கோப்பில்லாத ஆள், அப்படித்தான் இருக்க முடியும். லெபெலை அதே பட்டியலில் சேர்ப்பது தவறு. குள்ளமான, தூக்கமில்லாத, மனைவியிடம் பேச்சு வாங்கும் மனிதர். அவரை இந்த வேலைக்குத் தேர்ந்தெடுப்பதற்கே இரண்டு காரணம்: கெட்டிக்காரர் என்பது ஒன்று, தோற்றால் பழியைப் போடத் தோதான ஆள் என்பது இன்னொன்று. அலுவலகத்தில் வேலை பார்க்கும் யாருக்கும் இந்த இரண்டாவது காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

இரவு பத்து மணிக்குத் தினமும் உயரதிகாரிகள் கூடி லெபெலைக் கேள்வி கேட்கிறார்கள். அவர் அன்றைய முன்னேற்றத்தைச் சொல்கிறார். அதே இரவில் ஒரு அதிகாரி தன் காதலியிடம் உளறுகிறார், அவள் ஓஏஎஸ் ஆள், காலைக்குள் செய்தி ஜாக்கலுக்குப் போய்விடுகிறது. கண்காணிப்பதற்காகப் போட்ட கூட்டமே ஓட்டையாகிவிடுகிறது. உளறியவர் யார் என்று லெபெல் கண்டுபிடித்துக் கூட்டத்திலேயே ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டுகிறார். யாருடைய தொலைபேசியை ஒட்டுக்கேட்பது என்று எப்படித் தெரிந்தது என்று கேட்கிறார்கள். தெரியவில்லை, அதனால் எல்லாருடையதையும் ஒட்டுக்கேட்டேன் என்கிறார். அந்த மேசையில் உள்துறை அமைச்சரும் இருக்கிறார். மரக்கட்டைக்கு இந்தத் துணிச்சல் வராது.

கேல்த்ராப் விவகாரத்தில் வாசகர்கள் கோபப்படுவார்கள். சார்ல்ஸ் கேல்த்ராப் என்ற ஆங்கிலேயனின் பெயர், ஆங்கிலத்தில் முன்பெயரின் முதல் மூன்று எழுத்தையும் (Cha) பின்பெயரின் முதல் மூன்று எழுத்தையும் (Cal) ஒட்டினால் ஜாக்கலின் பிரெஞ்சுப் பெயராகிறது (Chacal). அந்தப் பொருத்தத்தை வைத்து அவன்தான் இவன் என்று இரு நாட்டுப் போலீசும் தேடுகிறது. கடைசியில் உண்மையான கேல்த்ராப் விடுமுறை முடிந்து சாவகாசமாகத் தன் வீட்டுக்குத் திரும்பி வருகிறான். அப்படியானால் முடிவில் ஜாக்கலாகச் செத்தவன் யார்? ஏமாற்றிவிட்டார் என்கிறார்கள். எனக்கு இது நாவலின் துணிச்சலான இடம். தவறான பெயரைத் தேடப்போய்ச் சரியான கடப்பிதழைக் கண்டுபிடிக்கிறார்கள். துப்பறிதல் இப்படி எத்தனையோ முறை நடந்திருக்கும், வெற்றி கிடைத்தபின் யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

துப்பாக்கி ஏன் தவறுகிறது என்பதில் வாதம் இன்னும் சூடாகும். 1963 ஆகஸ்ட் 25, பாரிஸ் விடுதலை நாள். மோன்பர்னாஸ் நிலையச் சதுக்கத்தில் டி கோல் பழைய போராளிகளுக்குப் பதக்கம் குத்துகிறார். ஜாக்கல் எதிர்க் கட்டடத்து மேல்மாடியிலிருந்து குறிபார்த்துச் சுடுகிறான். அந்த நொடியில் அதிபர் குனிந்து போராளியின் கன்னத்தில் முத்தமிடுகிறார். 196 சென்டிமீட்டர் உயரமான மனிதர், நன்றாகவே குனிய வேண்டியிருக்கிறது. குண்டு தலைக்குப் பின்னால் போய்விடுகிறது. அதிர்ஷ்டத்தை வைத்துக் கதையை முடித்துவிட்டார் என்பது குறை.

அதிர்ஷ்டம் என்று பார்த்தால் அதிர்ஷ்டம்தான். ஆனால் விதை ஆரம்பத்திலேயே போடப்பட்டிருக்கிறது. ரோதான் அவனைத் தேர்ந்தெடுக்கக் காரணம் அவன் பிரெஞ்சுக்காரன் இல்லை என்பது. அவன் டி கோலைப் படித்துத் தெரிந்துகொண்டதோ நூலகத்தில் உட்கார்ந்து, புத்தகங்களிலும் செய்தித்தாள் நறுக்குகளிலும். பதக்கம் குத்தியபின் கன்னத்தில் முத்தமிடுவது அந்த ஊரில் பிறந்த பையனுக்குக் கூடத் தெரியும், எந்தப் புத்தகமும் அதைத் தனியாக எழுதிவைப்பதில்லை. வெளியாள் என்ற தகுதிக்காக எடுத்தவன் வெளியாளாக இருந்ததாலேயே தவறவிடுகிறான். முடிவு தெரிந்த கதையில் இதைவிட நேர்மையான காரணம் கிடைக்காது.

இதுவரை ஆசிரியர் பக்கம் பேசியாயிற்று. இனி வரும் இரண்டு குறைகளிலும் அவரைக் காப்பாற்ற முடியாது.

பெண்கள் விஷயத்தை நீட்ட ஒன்றுமில்லை. அதிகாரியை வளைக்க ஒருத்தி, ஒளிந்துகொள்ள மாளிகை கொடுத்துவிட்டுச் சாக ஒரு சீமாட்டி. இருவரும் கதையைத் தள்ளிவிடும் நெம்புகோல்கள். ஜாக்கலுக்குப் பாரிஸில் இடம் கொடுத்துச் சாகும் தன்பால் ஈர்ப்பாளருக்கும் அதே கதிதான். 1971இல் எழுதியது என்பது விளக்கம், சமாதானம் ஆகாது.

அரசியல் குறைதான் பெரியது. இத்தனை பேரின் கோபமும் அல்ஜீரியாவைப் பற்றியது. 1954இல் தொடங்கிய போர், 1962 ஜூலை 5இல் விடுதலை. இடையில் இறந்தவர்கள் லட்சக்கணக்கில். அவர்களில் முகமும் பெயரும் வாய்ந்த ஒரு அல்ஜீரியர்கூட இந்த நாவலில் முன்னுக்கு வருவதில்லை. ராணுவ அதிகாரிகளின் மனக்குறைக்குப் பக்கம் பக்கமாக இடம் இருக்கிறது. குடியேற்ற ஆட்சியிலிருந்து வெளிவந்த ஊரில் உட்கார்ந்து படிக்கும் நாம் இதைப் பார்க்காமல் போனால் ஆச்சரியம். அமைச்சுக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் பாரிஸ் போலீஸ் தலைவர் மொரிஸ் பாப்போன் நிஜ மனிதர். 1961 அக்டோபர் 17 அன்று பாரிஸில் ஊர்வலம் போன அல்ஜீரியர்களை அவர் தலைமையிலான போலீஸ் அடித்துக் கொன்றது, சிலரை சேன் ஆற்றில் தூக்கி வீசியது. உலகப் போரின்போது போர்தோவிலிருந்து யூதர்களை நாடுகடத்தியதில் அவருக்கிருந்த பங்குக்காக 1998இல் தண்டிக்கப்பட்டார். நாவலில் அவர் கூட்டத்துக்கு வந்துபோகும் இன்னொரு அதிகாரி. போர்க்காலக் கதை வெளிவந்தது 1981இல், அதை ஃபோர்சைத் அறிந்திருக்க வழியில்லை. ஆனால் 1961இல் நடந்ததன் மறு ஆண்டே ராய்ட்டர்ஸ் நிருபராகப் பாரிஸில் இறங்கியவர் அவர்.

கோவால்ஸ்கி பகுதியும் இதோடு சேர்ந்தது. ரோதானின் மெய்க்காவலன், அயல்நாட்டவரைச் சேர்த்துக்கொள்ளும் பிரெஞ்சு ஃபாரின் லீஜன் படையின் முன்னாள் வீரன், முரடன். மகளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று பொய்க் கடிதம் எழுதவைத்து ரோமிலிருந்து அவனை மார்செய்க்கு வரவழைக்கிறது ஆக்‌ஷன் சர்வீஸ். மின்சாரம் வைத்துச் சித்திரவதை செய்து பேச வைக்கிறார்கள், அவன் சாகிறான். அவனுடைய உளறலிலிருந்துதான் ஜாக்கல் என்ற சொல்லே அரசாங்கத்துக்குக் கிடைக்கிறது. அதாவது லெபெலின் பொறுமையான, நேர்மையான புலனாய்வு முழுவதும் இந்தச் சித்திரவதையின் மேல்தான் நிற்கிறது. துப்பாக்கி செய்வதை எழுதிய அதே வறண்ட குரலில் இதையும் எழுதிச் செல்கிறார் ஆசிரியர். சில வாசகர்கள் இதை நடுநிலை என்று பாராட்டுவார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. வெற்றி கிடைத்தபின் அந்த மேசையில் ஒருவர்கூட கோவால்ஸ்கியின் பெயரை எடுப்பதில்லை, நாவலும் எடுப்பதில்லை. நாவலாவது எடுத்திருக்கலாம்.

குழுவாக வாசிக்க நினைப்பவர்களுக்கு: மூன்று பாகத்தையும் மூன்று சமக் கூறாக எண்ணி அமர்வு போடாதீர்கள். மூன்றாம் பாகம் மிகச் சிறியது, முதல் பாகத்தை ஒரே அமர்வில் அடக்கவும் முடியாது. முதல் பாகத்துக்கு இரண்டு அமர்வு, மற்ற இரண்டுக்கும் சேர்த்து ஒன்று என்று வைத்தால் நூலகத்தின் 21 நாள் தவணைக்குள் முடிந்துவிடும். முதல் அமர்வில் தேதிப் பட்டியல் ஒன்றைப் பலகையில் எழுதி, எது வரலாறு, எது கற்பனை என்று இரண்டு பத்தியாகப் பிரியுங்கள். அர்கூத் என்ற ஓஏஎஸ் தலைவரை 1963 பிப்ரவரியில் மியூனிக்கிலிருந்து பிரெஞ்சு உளவாளிகள் கடத்தியது எந்தப் பத்தியில் போகும் என்று கேட்டால் பாதிப் பேர் கற்பனையில் போடுவார்கள். அது நிஜம். ரோதான் நிஜம் என்பார்கள். அவர் கற்பனை. விவாதம் அங்கிருந்தே சூடுபிடிக்கும்.

1973இல் வந்த படத்தைப் புத்தகம் முடியும்வரை தள்ளிவையுங்கள். நல்ல படம்தான், ஆனால் பார்த்துவிட்டு வருபவர்கள் அதை வைத்தே நாவலைப் பேசிவிடுவார்கள். கண்டுபிடிப்பது சுலபம். துப்பாக்கி செய்து கொடுத்தவர் எந்த ஊர் என்று கேளுங்கள். ஜெனோவா என்று பதில் வந்தால் அவர் புத்தகத்தைத் திறக்கவே இல்லை.